ஏழாம் பாத்தியில் வாடிய பூ

ஏழாம் பாத்திப் பக்கம் போனால் தலையில் வைத்த பூ பத்து மணிக்கே வாடிவிடுகிறது என்று அந்தப் பாத்தியைத் துடைக்கும் பனிமயம் வந்து சொன்னபோது சங்கவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "குறைப் புத்தகத்துல எழுதிட்டுப் போங்கக்கா" என்றாள்.

"எழுதிட்டேன் மேடம். மூணு தடவ எழுதியாச்சு. காலையில வச்ச பிச்சி பத்து மணிக்கு வாழநாரு மாதிரி தொங்குது. என் மவ கேக்கா, ஏம்மா, நீ அங்க பூவ அவிச்சா எடுத்துட்டு வாரன்னு."

"வெயில்தான் காரணமா இருக்கும்."

"அந்த வெயிலு எட்டாம் பாத்தியில அடிக்காதா?"

சங்கவி திரையில் அடுத்த பக்கத்துக்குப் போனாள். பனிமயம் தலையிலிருந்த வாடிய சரத்தைக் கழற்றி, சாட்சிப் பொருளைப் போல மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

தூத்துக்குடிக் கடலோரத்தில், உப்பு விளைந்த பன்னிரண்டு பாத்திகளில் இப்போது சங்கவி உருவாக்கிய தகடுகள் கிடந்தன. ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் சிலிக்கான், மேலே மயிரிழையிலும் மெல்லிய செம்புத் தோல். பக்கத்துச் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியிலிருந்து வரும் கரியமில வாயுவைக் கரைத்த உப்புத் தண்ணீர் தகடுகளின்மேல் நாள் முழுக்க ஓடும். மேலே கண்ணாடி மூடி. அதற்கும் மேலே, இந்தக் கரையில் ஒருபோதும் பஞ்சமில்லாத வெயில். பாத்திக்கு ஒருத்தியாகத் துடைக்க வந்த பன்னிரண்டு பெண்களும் இதே இடத்தில் உப்பு வாரியவர்கள்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பனிமயம் கேட்டாள். "இது என்னதான் செய்யுது மேடம்?"

"வெயில் பட்டா தகட்டுக்குள்ள மின்சாரம் கிளம்பும்க்கா. மேல இருக்கிற செம்பு அத வாங்கி, தண்ணியில கரைஞ்சிருக்கிற புகையப் பிடிச்சு வேறொண்ணா மாத்திரும். எறும்பு கடிச்சா சுருக்குன்னு எரியுமில்ல, அந்த அமிலம். தோல் பதப்படுத்தறவங்க, ரப்பர் தோட்டக்காரங்க எல்லாம் வாங்கிக்குவாங்க."

"அப்போ புகையத் தின்னுட்டு எறும்புப் புளிப்பக் கக்குது. வேற எதையும் கக்காதா?"

"மேல்தோல் எப்படி இருக்குதோ அதப் பொறுத்தது. செம்பு அதேதான். ஆனா தோல் கொஞ்சம் மாறினாலும் கக்கறது மாறிப்போயிரும். அதனாலதான் தொடக் கூடாதுன்னு சொல்றேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. வாசலில் பலகையும் வைத்தாள். 'தகடுகளைத் தண்ணீரும் துணியும் கொண்டு மட்டுமே துடைக்க வேண்டும். வேறெதுவும் படக் கூடாது. மீறுபவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார்.' அந்த வாசகம் அவளே எழுதியது. ஈரோட்டில் அவள் பிறந்த வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே பொம்மைகள், கோப்பைகள், யாரோ காசியிலிருந்து கொண்டுவந்த ஒரு சங்கு. அதன் சாவி எங்கே இருக்கும் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது. நாற்பத்தொரு வயதில், தன் கையால் முதன்முதலாக ஒரு பொருளை உருவாக்கியபோது, அவளும் அதற்கு ஒரு கண்ணாடி மூடியையும் ஒரு பலகையையும்தான் முதலில் செய்தாள். இதை அவளே ஒருநாள் நினைத்துப் பார்த்து, நினைத்ததை உடனே மறந்தும்விட்டாள்.

தகடுகளுக்கு ஆயுள் குறைவு என்பது அவளை ஏழு வருடமாகத் தூங்கவிடாத பிரச்சினை. மூன்றே வாரத்தில் செம்பு கறுத்துவிடும், அமிலம் குறைந்துவிடும். இந்த வெள்ளோட்டத்துக்குச் சென்னைத் தலைமையகம் கொடுத்தது தொண்ணூறு நாள். அதற்குள் தகடுகள் உயிரோடிருப்பதைக் காட்டாவிட்டால் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாத்தியின் தரையில் பிசின் பூசியாகிவிட்டது, இனி அங்கே உப்பும் விளையாது. பன்னிரண்டு பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

எண்பதாம் நாள் பார்த்தால் கணக்கு எதிலும் அடங்கவில்லை. பன்னிரண்டு பாத்தியும் பன்னிரண்டு விதமாக ஏறி இறங்கின. ஒன்று பரவாயில்லை, ஒன்று சுமார், பன்னிரண்டாவது செத்தே போய்விட்டது. சங்கவி கடற்காற்றைக் காரணமாக எழுதிவைத்தாள். ஏழாம் பாத்திதான் விளங்காத புதிர். அதில் மின்னோட்டம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். அமிலம் மட்டும் சுத்தமாக இல்லை.

"அடுப்பு எரியுது, சோறு மட்டும் காணோம்" என்றார் மேலாளர் ஜெயசீலன். நாசரேத்துக்காரர். எதையும் சாப்பாட்டில் கொண்டுவந்து முடிப்பார். "அந்தப் பாத்தியத் தொடைக்கது யாரு?"

"பனிமயம்."

"ஏதோ செஞ்சிருக்காவ. விசாரிப்பமா?"

"வேண்டாம் சார். என் தகடுலதான் ஏதோ கோளாறு."

இப்படிச் சொல்வது அவளுக்கு எப்போதும் எளிதாக வரும். குற்றம் தன்மேல் என்று ஒப்புக்கொண்டால் வேறு யாரிடமும் போய்ப் பேசவேண்டியதில்லை.

புதன்கிழமை காலையில் கீழே ஒரே கூச்சல். ஏழாம் பாத்தியின் ஓரத்தில், மிஞ்சிய வாயு வெளியேறும் குழாயை ஒட்டி, பெண்கள் சாப்பிட உட்காரும் கொட்டகை இருக்கிறது. அதன் நடுவில் நாலாம் பாத்தி வேலம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். தலைக்குமேல் கொக்கியில் ஒரு வாழைத்தார், மஞ்சளாக, மணம் வீசிக்கொண்டு.

"ஞாயித்துக்கெழம என் மவளுக்கு வளைகாப்பு! திங்கக்கெழம ஏரல்ல இருந்து பச்சக் காயாக் கொண்டாந்து, வேன்ல எடமில்லன்னு இங்க மாட்டுனேன். நேத்து லீவு. இன்னைக்கி வந்து பாத்தா இந்தக் கோலம்! யாருட்டி புகை போட்டது?"

"ஊதுவத்தி கொளுத்த இது என்ன பழ மண்டியா? போடி" என்றாள் பனிமயம்.

"பின்ன ரெண்டே நாள்ல தார் முழுக்க எப்படி பழுக்கும்? ஞாயித்துக்கெழம சம்பந்திக்காரிக்கு என்னத்தக் குடுக்க, தோலையா?"

"இன்னைக்கே வளைகாப்ப வையி. புள்ளையும் கொஞ்சம் முந்திப் பொறக்கும்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. வேலம்மாளும் கோபத்தை விட்டுவிடாமலே சிரித்தாள். "இனி வச்சிருந்து என்ன செய்ய, தின்னு தொலைங்க" என்று ஆளுக்கு நாலு பழமாகப் பிய்த்துக் கொடுத்தாள். கூச்சலைக் கேட்டு இறங்கி வந்த சங்கவியின் கையிலும் ஒரு பழம் வந்து விழுந்தது. ஒன்றரை மாதமாக அவள் கீழே இறங்கவில்லை. எண்கள் மேலேயே வந்துவிடுவதால் இறங்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பழம் கற்கண்டாக இனித்தது. இரண்டாவது கடிக்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேசை ஓரத்தில் கிடந்த பிச்சிச் சரம் நினைவுக்கு வந்தது.

"என்ன மேடம், புழு கிடக்கா?"

"பூ வாடுது. காய் பழுக்குது" என்றாள் சங்கவி, தனக்குத்தானே. பிறகு பழத்தைப் பனிமயத்தின் கையில் திணித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் வாயு பிடிக்கும் பை இருந்தது. ஏழாம் பாத்திக் குழாயின் வாயில் அதை மாட்டி, அது உப்பும்வரை குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு பெண்களும் பழம் தின்றபடி வேடிக்கை பார்த்தார்கள்.

கருவி முடிவைத் துப்ப இருபது நிமிடம் ஆனது. எத்திலீன். பழம் தன்னைத் தானே பழுக்கவைத்துக்கொள்ளச் சுரக்கும் அதே வாயு. பூவுக்கு 'போதும், உதிர்ந்துவிடு' என்று சொல்லும் வாயு. குழாய், நூல், பை, மருந்துப் புட்டி என்று மனிதர் கையாளும் பாதிப் பொருளுக்குத் தாய்ச் சரக்கு. உலகம் அதைப் பெட்ரோலியத்தை உடைத்துத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏழாம் பாத்தி அதைப் புகையிலிருந்தும் வெயிலிலிருந்தும் கறந்து, ஒரு மாதத்துக்கும் மேலாகப் பனிமயத்தின் தலைப்பூவில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. சங்கவி அமிலத்தை மட்டுமே தேடியதால் வேறெதையும் அளக்கவில்லை.

சங்கவி நாற்காலியில் சாய்ந்து தனியாகச் சிரித்தாள். பிறகு ஒரு தகட்டை எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்தாள். கறுப்பு துளிகூட இல்லை. செம்பின்மேல் பிறை வடிவில் மெல்லிய கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே வீச்சில். ஒவ்வொரு கீறலின் கரையிலும் பொடிப்பொடியாகச் சதுரப் படிகங்கள் முளைத்திருந்தன. இது தண்ணீரும் துணியும் செய்த வேலை இல்லை.

மதியம் கொட்டகையில் பனிமயத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "தகட்டத் துடைக்கறப்ப வேற ஏதாவது போட்டீங்களாக்கா?"

"ஐயோ, இல்ல மேடம். தண்ணியும் துணியுந்தான். பலகையிலதான் எழுதிப் போட்டிருக்கே."

அதைச் சொன்ன வேகத்தில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தைத் தன் கையெழுத்தில்தான் வாசலில் மாட்டியிருக்கிறோம் என்பது சங்கவிக்கு உறைத்தது. மேற்கொண்டு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா" என்றாள்.

பனிமயம் தன் செம்பை நீட்டினாள். செம்புச் செம்பு. கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. அண்ணாந்து குடித்துவிட்டு இறக்கியபோது வெயில் அதன் வயிற்றில் சாய்வாகப் பட்டது. பிறை வடிவில் மெல்லிய கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"இத எதப் போட்டு விளக்குவீங்க?"

"புளியும் உப்புந்தான். தேங்கா நாரு வச்சு…" பனிமயத்தின் குரல் பாதியில் நின்றது. சோற்றிலிருந்த கையும் நின்றது.

இருவரும் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கறுத்துக் கெடந்துச்சு மேடம்" என்றாள் பனிமயம், மெதுவாக. "பக்கத்துப் பாத்தி எல்லாம் மினுமினுன்னு கெடக்கு, என்னோடது மட்டும் கறிச்சட்டி மாதிரி. நான் சரியாத் தொடைக்கலைன்னுதான நெனப்பிய? செம்பு கறுத்தா என்ன செய்வோம்? பாத்துட்டுச் சும்மா இருக்க மனசு கேக்கல. வெள்ளிக்கெழமைக்கு ஒருக்கா மூடியத் தொறந்து ஒரு தேய்ப்பு. அம்புட்டுதான். கெட்டுப்போச்சா?"

"கெடல" என்றாள் சங்கவி. செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். "கெடலக்கா. நல்லாப் போச்சு."

ஜெயசீலன் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து ஒருமுறை அறைக்குள் நடந்தார். "கல்யாண விருந்து மாதிரில்லா இருக்கு. அறிக்கைய நாளைக்கே அனுப்புங்க. ஆனா ஒண்ணு. அந்தம்மா பேரப் போடாதிய."

"ஏன் சார்?"

"ஒப்பந்தத்தில உங்க பலகை வாசகம் அப்படியே இருக்கு. விதிய மீறுனவங்கள எடுத்தாகணும், நான் நெனச்சாலும் தடுக்க முடியாது. பேரப் போட்டா வேல போவும். போடாட்டா வேல இருக்கும். நீங்களே தகட்டப் பக்குவம் பண்ணுனதா எழுதிருங்க. யாருக்கு நட்டம்?"

அவர் நல்லதைத்தான் சொன்னார். அன்று மாலை சங்கவி அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். 'ஏழாம் பாத்தித் தகடுகளின் மேற்பரப்பு புளிக் கரைசலால் மாற்றியமைக்கப்பட்டது.' நல்ல வாக்கியம். யார் செய்தது என்று கேட்டால் பதில் சொல்லாத வாக்கியம். அதைப் படிக்கிறவர்கள் தன் பெயரைத்தான் நினைத்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு இனித்தது என்பதையும் அவள் தன்னிடம் மறைக்கவில்லை. ஏழு வருடம். ஒரு பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை, வாய் திறக்காமல் இருந்தால் போதும். பனிமயத்தின் வேலையும் பிழைக்கும்.

ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தது வாடிய பிச்சிச் சரம். மூன்று தடவை எழுதிவைத்தும் யாரும் படிக்காத ஒருத்தியின் பூ. இன்னொரு முறையும் அவளைக் கண்ணாடி மூடிக்கு அந்தப் பக்கம் நிறுத்துவதா? சங்கவி வாக்கியத்தை அழித்தாள். என்ன எழுதுவது என்பதை இனி தான் ஒருத்தியாக முடிவு செய்யக் கூடாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும், பல மாதங்களுக்குப் பிறகு, பசித்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஜெயசீலனையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். புகை, புளி, பூ, வாழைத்தார், ஒப்பந்தம் எல்லாம்.

"பனிமயம் அக்கா, கண்டுபிடிச்சது நீங்க. உங்க பேரப் போடணும்ங்கறது என் ஆசை. போட்டா வேலை போனாலும் போகலாம். அந்தப் பலகைய எழுதுன தப்பு என்னோடதுன்னும் எழுதுவேன். அது எடுபடுமான்னு தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

பனிமயம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போடுங்க மேடம். உப்பளத்தில இருவது வருசம் வேல பாத்தேன், எந்த மூட்டையில என் பேரு இருந்துச்சு? வேல போனா போவட்டும். தேச்சது நான்தான்."

ஜெயசீலன் தரையைப் பார்த்தார். அப்போது மூலையில் வேலம்மாள் தொண்டையைக் கனைத்தாள்.

"ஏன் சார், அவள மட்டுமா வேலைய விட்டுத் தூக்குவிய?"

"ஏம்மா?"

"நான் நாலாம் பாத்தியப் புளிச்ச மோரு ஊத்தில்லா தேச்சேன்."

சங்கவி திரும்பினாள். "எப்போ?"

"ரெண்டு மாசமா. அஞ்சாம் பாத்தி பளபளன்னு கெடந்துச்சு, எனக்கு ரோசமாப் போச்சு."

"அட பாவி!" என்று அஞ்சாம் பாத்திக்காரி எழுந்தாள். "ஒன் பாத்தி மினுங்குதுன்னுதானட்டி நான் எலுமிச்சத் தோலு போட்டேன்!"

அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ஒன்றாம் பாத்தியில் விறகடுப்புச் சாம்பல். இரண்டில் செங்கல் பொடி. ஒன்பதில் தக்காளி. பத்தாம் பாத்திக்காரி பல்பொடி என்றபோது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் அடுத்தவளின் பாத்தி மினுங்குவதைப் பார்த்து, தன்னுடையது மட்டும் மங்கல் என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் தன் வீட்டில் பாத்திரம் விளக்கும் வழியில் தேய்த்திருக்கிறாள். கடற்காற்று என்று சங்கவி எழுதிவைத்திருந்ததெல்லாம் இவர்கள் கை.

கடைசியில் பன்னிரண்டாம் பாத்திக்காரி மட்டும் தலையைக் குனிந்து நின்றாள். போன ஆவணியில் கல்யாணமாகி வந்தவள். "நான் தண்ணியும் துணியுந்தான் போட்டேன், சத்தியமா" என்றாள், திருடி மாட்டிக்கொண்டவளைப் போல.

"பொய் சொல்லாதட்டி!" என்று பதினொரு பேரும் கத்தினார்கள்.

"இல்ல, அவ சொல்றது உண்மைதான்" என்றாள் சங்கவி, சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் பாத்திதான் செத்துப்போச்சு."

ஜெயசீலன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆக, விதிய மீறுன பதினோரு பேர நான் எடுக்கணும். விதிப்படி நடந்த ஒரு பாத்தி செத்துக் கெடக்கு. இத எந்த வாயால சென்னைக்குச் சொல்ல?" பிறகு தானும் சிரித்துவிட்டார். "முதல்ல யாராவது போயி அந்தப் பலகையக் கழட்டுங்க. எனக்கு ஒரு பழம் மிச்சம் இருக்கா?"

பலகையைச் சங்கவியே கழற்றினாள். பனிமயம் அதை வாங்கித் திருப்பிப் போட்டு, மீன் நறுக்க நல்ல பலகை என்று தட்டிப் பார்த்தாள். அறிக்கை பதினொரு பெயரோடும் பதினொரு பக்குவத்தோடும் போனது. பன்னிரண்டாவது பெயரும் போனது. அவள் மட்டும் சொன்னபடி செய்திராவிட்டால் மற்றதையெல்லாம் எதோடு ஒப்பிடுவது? வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து பேசினார்கள். தொண்ணூறு நாளை ஒரு வருடமாக நீட்டித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "அந்தப் பல்பொடி என்ன பல்பொடி?"

சனிக்கிழமை காலையில் பனிமயம் ஒரு முழம் பிச்சியோடு மாடியேறி வந்தாள். "குனிங்க மேடம்" என்று சங்கவியின் தலையில் வைத்துவிட்டாள். "கருவி எல்லாம் அப்புறம். எந்தப் பாத்தியில எத்தன மணிக்கு வாடுதுன்னு நீங்களே நின்னு பாருங்க."

அவள் போனபின் சங்கவி குறைப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எண்பது நாள். நாலு விதமான கையெழுத்து, பத்து விதமான எரிச்சல். வலது ஓரத்தில் 'நடவடிக்கை' என்ற கட்டம் பக்கத்துக்குப் பக்கம் வெறுமையாக இருந்தது. தான் திரையில் தேடிக்கொண்டிருந்த வெள்ளோட்டம் முழுவதும் இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது என்பது இரண்டாம் பக்கத்திலேயே புரிந்துவிட்டது. முப்பத்தேழாம் நாளில் ஒரு வரி இருந்தது.

'நாலாம் பாத்தி. ஈ மொய்க்கிறது. தாங்க முடியவில்லை. இப்படிக்கு வேலம்மாள்.'

ஜன்னலைத் திறந்து கீழே குனிந்தாள். "வேலம்மாக்கா! நாலாம் பாத்தியில என்ன ஈ மொய்க்குது?"

"பழ ஈ மேடம்!" கீழேயிருந்து குரல் வந்தது. "கள்ளுப் பானைய மொய்க்குமே, அந்தக் குட்டி ஈ! ஒண்ணர மாசமாச் சொல்லுதேன், யாரு கேக்கிய?"

சங்கவி படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். நாலாம் பாத்தியின் மூடியைத் தூக்கி முகத்தை உள்ளே நீட்டினாள். வெதுவெதுப்பாக, லேசாகப் புளித்த, இனிப்பான ஒரு வாசனை. பனங்காட்டுப் பக்கம் காலையில் வருமே, அந்தக் கள்ளு வாசனையைப் போல. இது மோரில்லை, புகையைத் தின்று நாலாம் பாத்தி கக்கும் சாராயம். தலையில் பூ வாடவில்லை. மூக்கின் நுனியில் ஒரு குட்டி ஈ வந்து உட்கார்ந்தது, அவள் அதை விரட்டவில்லை.

மேலே போகப் பொறுமையில்லை. புத்தகம் கையிலேயே இருந்தது. நின்றபடியே, முப்பத்தேழாம் நாளுக்கு எதிரே இருந்த வெற்றுக் கட்டத்தில் எழுதினாள்.

'வந்து பார்த்தேன். மொய்க்கிறது. இப்படிக்கு சங்கவி.'